நான்காவது கல்

எங்கள் நில அளவை அலுவலகத்தில் அவரை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேஜையில் ரப்பரே வைத்துக்கொள்ளாதவர் என்பதால் வந்த பெயர். முப்பத்து மூன்று வருஷம் புலப்படம் வரைந்தவர். ஒரு கோடு போடுவதற்கு முன் அதே இடத்தில் விரலால் ஒருமுறை வெறுமனே போட்டுப் பார்ப்பார். பிறகுதான் பென்சில். யாராவது அவசரத்துக்கு ரப்பர் கேட்டால், "என்கிட்ட ஏது?" என்பார். அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும்.

நான் பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்பவள். அவருக்கு ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தபோது நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். பாதி என் கண்ணால் பார்த்தது, மீதி அவரே சொன்னது.

அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கடைக்குப் போய்ப் பாடப்புத்தகம் வாங்கிவந்து, "அந்தக் கணக்கை ஒரு கை பார்க்காம விடறதில்லை" என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் கணக்குப் போடுவார், அக்கா எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே திருத்துவார்.

அப்படி ஒரு ஞாயிறு. கணக்கு இதுதான்: (1, 1), (5, 2), (2, 4) ஆகியவை ஓர் இணைகரத்தின் மூன்று முனைகள், நான்காவது முனையைக் காண்க.

"தப்பு," என்றார் அக்கா, நோட்டை எட்டிப் பார்த்து. "விடை ஆறு, அஞ்சு. நீங்க மைனஸ் ரெண்டு, மூணுன்னு எழுதியிருக்கீங்க. வரிசையை மாத்திட்டீங்க."

"எந்த வரிசை? புத்தகத்துல வரிசை போட்டிருக்கா? நீயே பாரு."

அக்கா பார்த்தார். போடவில்லை.

"நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்," என்றார் அவர். "மூணு ஸ்டாப்பைச் சொல்லிட்டு, வண்டி ஒரு சுத்து சுத்தி வருது, நாலாவது ஸ்டாப் எங்கேன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? எந்த ஸ்டாப்லேர்ந்து எந்த ஸ்டாப்புக்குப் போகுதுன்னு சொல்லணும்ல?"

"கணக்குல உங்க பஸ்ஸைக் கொண்டுவராதீங்க."

"சரி, விடு. இதைப் பாரு." செய்தித்தாளின் ஓரத்தில் மூன்று புள்ளிகளை வைத்தார். அதே மூன்று புள்ளிகளுக்கு மூன்று விதமாக நான்காவதை வைத்துக் கோடு இழுத்தார். "இதுல எதிர்ப்பக்கம் சமமா இருக்கா? இருக்கு. இதுல? இருக்கு. மூணாவதுல? அதுலயும் இருக்கு. அப்புறம் நான் எழுதினது மட்டும் எப்படித் தப்பாகும்?"

அக்கா விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. "பரப்பு போட்டுப் பாருங்க. எது சரி, எது தப்புன்னு சாயம் வெளுத்துடும்."

அவர் போட்டார். முதலில் பதினொன்று வந்தது. அடுத்ததும் பதினொன்று. மூன்றாவதும் அதே பதினொன்று.

"மூணும் ஒண்ணுதான்," என்றார் அவர், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. "ஏன்னு இப்பதான் தெரியுது பாரு! மூணு புள்ளியைச் சேர்த்தா ஒரு முக்கோணம் வருது. எந்தப் படத்தை எடுத்துக்கிட்டாலும் அதோட பாதி இந்த முக்கோணம்தான். பாதி ஒண்ணா இருந்தா முழுசும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் தன் வாதத்துக்குத்தான் அவர் வாயடைத்துப் போனார் என்று நினைத்து, அன்று முழுக்க நல்ல உற்சாகத்தில் இருந்தாராம்.

அக்காவுக்கு அப்போது ஞாபகம் வந்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தாள்.

அந்த வருஷம் எங்கள் ஆவண அறையில் கரையான் புகுந்து ஒரு அலமாரியைக் காலி செய்தது. சேதமான படங்களையெல்லாம் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அதில் ஒன்று, ஊரின் கடைசியில் ஓடையோரம் இருந்த ஒரு செடிப் பண்ணையின் படம். நிலத்துக்கு நான்கு எல்லைக்கற்கள். சாலைக் கல், கிணற்றுக் கல், ஓடைக் கல் என்று மூன்றின் எண்கள் தாளில் பிழைத்திருந்தன. அலுவலகத்தின் ஆதாரக் கம்பத்திலிருந்து கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண். நான்காவது கல் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. வரைந்த கோடுகளும் பாதிக்கு மேல் போய்விட்டன. அடியில் ஒரு குறிப்பு மட்டும் மிச்சம்: எதிர்ப்பக்கங்கள் இணை, பரப்பு 1208 சதுர மீட்டர்.

வெள்ளிக்கிழமைக்குள் படம் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அக்கா உட்கார்ந்து கணக்குப் போட்டார். சாலைக் கல் (40, 10). கிணற்றுக் கல் (80, 16). ஓடைக் கல் (52, 42). கிணற்றிலிருந்து ஓடைக் கல்லுக்குப் போக மேற்கே இருபத்தெட்டு, வடக்கே இருபத்தாறு. அதே நடையைச் சாலைக் கல்லிலிருந்து நடந்தால் (12, 36). அதுதான் நான்காவது மூலை. பரப்பைப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக 1208. படத்தின் கீழே 'பரப்பு சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைய அதிகாரி, "கரையான் தின்னதைக் கணக்கால மீட்டுட்டீங்களே!" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

அடுத்த மாதம் பண்ணையின் சொந்தக்காரர், வயதானவர், குடையோடு வந்து கவுன்டரில் நின்றார். "கல்லு இந்தப் பக்கம் இல்லம்மா. கிணத்தைத் தாண்டி அந்தப் பக்கம்" என்றார்.

"ஐயா, பரப்பு சரியா இருக்கு. ஒரு மீட்டர்கூடக் குறையலை," என்றார் அக்கா.

"பரப்பு சரிதாம்மா. இடம்தான் வேற."

மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை மகனும் கூட வந்தார். மகன் அப்பாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வந்து, "மன்னிச்சுக்கோங்க மேடம், அவருக்கு இப்ப ஞாபகம் கொஞ்சம் பிசகுது" என்றார். அக்கா, "பரவாயில்லை, வயசானா அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது திங்கட்கிழமை காலை, ஆவண அறையின் தரையில் உட்கார்ந்துகொண்டு. நான் வேலைக்கு வந்தபோது அவர் சேலையெல்லாம் தூசியாக, பழைய அளவுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். படம் என்பது பிறகு மேஜையில் வரைவது. முதன்முதலில் நிலத்தை அளந்தவர் களத்திலேயே எழுதிக்கொள்வது அளவுப் புத்தகம். கரையான் வந்தபோது அவை வேறு அறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அன்று அதைத் தேட நேரமில்லை, தேட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"பரப்பு டாலி ஆயிடுச்சேன்னு இருந்துட்டேன்," என்றார். "அது டாலி ஆகாம எங்க போகும்? நான் எங்க வச்சிருந்தாலும் டாலி ஆகியிருக்கும்."

பதினோரு மணி வாக்கில் அந்தப் புத்தகம் கிடைத்தது. எப்போதோ ஈரம் பட்டு மை கரைந்து, எண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அளந்தவர் நடந்த வழியைப் பென்சிலால் எழுதியிருந்தார். பென்சில் எழுத்து கரையாது. 'சாலைக் கல், அங்கிருந்து கிணற்றுக் கல், அங்கிருந்து மேட்டுக் கல், அங்கிருந்து ஓடைக் கல், திரும்பச் சாலைக் கல்.'

காணாமல் போன கல்லுக்கு மேட்டுக் கல் என்று பெயரே இருந்திருக்கிறது. அது கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவில் வருகிறது. அப்படியானால் அது சாலைக் கல்லுக்கு எதிர் மூலை. அக்கா அங்கேயே, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். சாலையிலிருந்து ஓடைக் கல்லுக்குக் கிழக்கே பன்னிரண்டு, வடக்கே முப்பத்திரண்டு. அதையே கிணற்றிலிருந்து நடந்தால் (92, 48). அவர் வரைந்த மூலை மேற்கே கிடந்தது. உண்மையான மூலை கிழக்கே, எண்பது மீட்டருக்கு அந்தப் பக்கம். நிலத்தில் பாதி சரி. மறுபாதி முழுக்க இடம் மாறிப் போயிருந்தது.

இப்போதைய அதிகாரி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை, தலைவலி வேண்டாம் என்று நினைக்கிறவர்.

"யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?"

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி மூணு தடவை கொடுத்தாங்க."

"இப்ப?"

"இப்ப இல்லை."

"அப்ப ஏம்மா? ஒன்பது மாசத்துல மாலை மரியாதையோட வீட்டுக்குப் போகப்போறீங்க. இதைக் கிளறினா உங்க பேருதான் முதல்ல அடிபடும்."

"அடிபடட்டும் சார். கையெழுத்து என்னுதுதானே."

அன்று மாலை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரு இடத்தில் நானாக 'தவறு நேர்ந்துவிட்டது' என்று அடித்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "தானா நேரலை. 'நான் தவறு செய்தேன்'னு போடு" என்றார். புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து அடித்தேன்.

அடுத்த வாரம் களத்துக்குப் போனோம். சர்வேயர், மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள், அக்கா, குறிப்பெடுக்க நான். முப்பத்து மூன்று வருஷத்தில் அக்கா களத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று வண்டியில் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ நிலங்களை வரைந்தவர், ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை.

செடிப் பண்ணை இப்போது அந்த மகன் கையில், அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் மண்ணோடு வாசலில் வந்து நின்றார். ஓடைப் பக்கம் முழுக்கப் பாறைச் சரிவு. அந்தச் சரிவை உடைத்து, கல் அடுக்கி, மண் நிரப்பி, படிப்படியாக ஆறு தட்டு எழுப்பியிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் வரிசையாகத் தொட்டிகள். கிழக்கே கிணற்றுக்கு அப்பால் நல்ல சமதளம். படத்தின்படி அது பொது நிலம். கம்பி வேலி போட்டு, குடிநீர் வாரியம் துருப்பிடித்த குழாய்களைக் குவித்து வைத்திருந்தது.

சர்வேயர் கருவியை நிறுத்தி, மூன்று கற்களையும் சரிபார்த்து, குழாய்க் குவியலுக்கு நடுவே ஓர் ஆணியை ஊன்றினார். ஆட்கள் குழாய்களை உருட்டித் தள்ளிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார்கள். முழங்கால் ஆழம் வரை வெறும் மண். அக்கா குழியின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார். அவர் மெதுவாக, "பழைய காலத்து அளவு. ஒரு சாண் அப்படி இப்படி இருக்கும். குழியை அகலப்படுத்துங்க" என்றார். வடக்குப் பக்கம் இரண்டு வெட்டு. மூன்றாவது வெட்டில் மண்வெட்டி டங்கென்று நின்றது.

கையால் மண்ணைத் தள்ளினார்கள். சதுரமாகச் செதுக்கிய கல். தலையில் பெருக்கல் குறி.

பண்ணைக்காரர் குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். அதைத் தொடவில்லை.

"அப்பா இங்கதான் நின்னு கையைக் காட்டுவாரு," என்றார். "வேலி போட்டப்புறமும் கம்பிக்கு வெளியே நின்னு காட்டுவாரு. நான் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்." பிறகு தலையை உயர்த்தி, "யாரு அந்தப் படத்தைப் போட்டது?" என்று கேட்டார்.

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றார் அக்கா.

அவர் அக்காவை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "இப்ப என்னங்க ஆகும்? அந்தச் சரிவு என்னுது இல்லை, இதுதான் என்னுது. அப்படித்தானே? இருபத்திரண்டு வருஷம் பாறையை உடைச்சேன். முதுகு போச்சு. இதோ, வெறும் மண்வெட்டியால வேலை செய்யக்கூடிய தரை, கண்ணுக்கு முன்னாலயே கிடந்திருக்கு."

"தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க வராமலே இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டே இருந்திருப்பேன். இப்ப அதுவும் போச்சு."

 

பத்து நாள் கழித்துப் பண்ணைக்காரர் அலுவலகத்துக்கு வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. புதுப் படத்தின் நகல் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நேராக அக்காவின் மேஜைக்குப் போய், "ஒரு கடிதம் வேணும்" என்றார்.

"என்ன கடிதம்?"

"எங்கப்பா சொன்னது சரின்னு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஓர் அக்கா. அந்தக் காலத்தில் அந்த அக்கா மட்டும், "அப்பா சொல்ற இடத்துல ஒரு தடவை தோண்டித்தான் பாரேன்" என்று மன்றாடினாளாம். இவர், "ஆபீஸ்ல போட்ட படத்தைவிட உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். பேச்சு முற்றிப்போனது. அப்பா இரண்டு வருஷத்தில் இறந்தார். சாவு வீட்டிலும் அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு போக்குவரத்தே இல்லை.

"நானா போய்ச் சொன்னா கதவைத் திறக்குமோ என்னவோ. எழுத்துல இருந்தா படிக்கும்," என்றார்.

அதிகாரி அப்படியெல்லாம் கடிதம் தர விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். திருத்திய படம் தரலாம், அவ்வளவுதான். ரப்பர் அக்கா ஒன்றும் வாதாடவில்லை. முத்திரை இல்லாத வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். உங்கள் தந்தை மூன்று முறை வந்து சொன்னார். அவர் காட்டிய இடத்தில்தான் கல் இருந்தது. அவருடைய ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. பிசகியது என் கணக்கின் வரிசை. நான் வந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கீழே பெயர், பதவி, தேதி. பண்ணைக்காரர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டார். குடிநீர் வாரியம் குழாய்களை எடுத்துக்கொண்டது. சரிவைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளச் செடிப் பண்ணைக்காரருக்கு ஆண்டுக்காண்டு அனுமதி கிடைத்தது. தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, சமதளத்தில் நாற்றுக் கூடாரம் போட்டார். அக்கா அந்தக் கரையான் வருஷத்தில் தான் வரைந்த பதினான்கு படங்களையும் வெளியே எடுத்தார். அவற்றில் இன்னும் இரண்டில் மூலையைக் கணக்கால் கண்டுபிடித்திருந்தார். இரண்டுக்கும் சர்வேயரோடு நேரில் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. மறுநாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் வீட்டுக்காரரின் கணக்குப் பரீட்சை விஷயம் தனிக் கதை. மூன்றாவது முயற்சியில் தேறிவிட்டார் என்பதோடு விடுகிறேன்.

ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது ஒரு முற்பகலில், வெள்ளை முடியைக் கொண்டையிட்ட ஓர் அம்மாள் கவுன்டருக்கு வந்தார். கையில் மடித்து மடித்து விளிம்பு நைந்துபோன ஒரு தாள். "இதை எழுதினவங்க யாரு?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பண்ணைக்காரர் நின்றிருந்தார்.

அக்கா எழுந்து நின்றார். திட்டு விழப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

"உங்களைப் பார்க்கணும்னுதான் தம்பியைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்," என்றார் அந்த அம்மாள். "எங்கப்பா உங்களை ஒரு வார்த்தை திட்டினதில்லை, தெரியுமா? நாங்க ஆபீஸைத் திட்டினாக்கூட விடமாட்டாரு. 'அந்தப் பொண்ணு கணக்கு நல்லாத்தான் போடுது, ஒரு தடவை வந்து பார்த்தா அதுக்கே தெரிஞ்சிடும்'னு சொல்லுவாரு. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பாரு."

அக்கா கவுன்டர் கதவைத் திறந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தார். பண்ணைக்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார். அந்த அம்மாள்தான் திரும்பிப் பார்த்து, "ஏன்டா அங்கேயே நிக்கிற? உள்ள வா" என்றார்.

நான் என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனேன்.